தாத்தாவைக் கொண்டுவந்த டப்பா

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் பெயின்ட் பக்கெட்டின் அடியில் ஓட்டை போட்டு, வாயில் பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, உள்ளே ஊதுவத்திப் புகையை அடைத்துத் தட்டினீர்கள். புகை வளையமாகக் கிளம்பியது. கூடத்தைத் தாண்டிப் போய், அடுப்பங்கரை வாசலில் நின்ற உங்கள் அம்மாவின் முந்தானையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுக் கலைந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "அப்பாவுக்குப் புகை ஆவாது போல" என்று சின்னவள் சொன்னது காதில் விழுந்தது.

புகை எனக்கு ஆகும். ஆகாதது வேறு. அதைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பெரியவர்களைப் பற்றி மரியாதை இல்லாமல் எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டாம். அது பிழை இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் குடும்பமும் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகிறது, நம் குடும்பம் மட்டும் தாத்தா கல்லறைக்கு ஒரு தட்டு வறுத்த கருவாடு கொண்டுபோகிறதே, ஏன் என்று பெரியவன் ஒருமுறை கேட்டான். "வழக்கம்" என்று சொல்லி வாயை மூடினேன். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கச்சிராயபாளையம் தாண்டி, கரியாலூர் ரோடு மலை ஏறுவதற்கு முன்னால் வளைகிற இடத்தில் நம் பழைய வீடு. என் தாத்தா, உங்கள் கொள்ளுத்தாத்தா, செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் அவருக்கு அரை ஏக்கர் இருந்தது. கிணறு இல்லை, மழையை நம்பின பூமி. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அத்தைக்கு அது என்று சாகிற நேரத்தில் வாயால் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர், அப்பாவும் பெரியப்பாவும். அப்பாவுக்குக் கேட்டது. பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. ஒரே கட்டிலின் இரண்டு பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பக்கத்துத் தெருவில் ஆடு அறுத்தால் முதலில் போய் நிற்பது அவர்தான்.

பெரியவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? கோயில் ஃபாதர் சொன்னதைச் செய்திருக்கலாம்: ஒரு பேப்பரில் எழுதிப் பதிவு பண்ணச் சொன்னார். அத்தையைக் கேட்டிருக்கலாம். அத்தை அந்த நிலத்தில் மரவள்ளிக் குச்சி நட்டு, களை வெட்டி, பத்து மாதம் வளர்த்து வைத்திருந்தாள். இன்னும் ஒரு மாதத்தில் பிடுங்கலாம். அந்தக் கிழங்கு ஒன்றுதான் அவளுக்கு அந்த வருஷச் சோறு. அதைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

பெரியப்பா வேறு யோசனை சொன்னார்: கல்லறைத் திருநாள் அன்றைக்கு, அப்பா தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்று என்னுது, ஒன்று தங்கச்சியுது. மன்றாட்டுமாலை சொல்லி முடிக்கிறதுக்குள்ளே எது அணைகிறதோ அவங்க சொல்றது பொய். செத்தவரே வந்து சொல்லட்டும்.

என் அப்பா இதற்கு ஒப்புக்கொண்டார். தன் காதால் கேட்ட வார்த்தையை ஒரு மெழுகுவர்த்தியின் தலையில் கட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அவருக்கு அண்ணனோடு சண்டை வேண்டாம், தங்கச்சியிடம் கெட்ட பெயரும் வேண்டாம். மெழுகுவர்த்தி அதற்கு வசதியாக இருந்தது. இதைச் சமாதானம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன்.

பெரியப்பாவுக்கு ஒரே மகள். அவளை நான் அக்கா என்பேன். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவளுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அத்தைதான். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. அக்கா அத்தையிடம் இருந்த பெயின்ட் டப்பாவைக் கேட்டு வாங்கினாள். அத்தை அதில் பல வருஷமாகக் கருவாடு போட்டு வைத்திருந்தாள். மூடி இறுக்கமாக இருந்ததால் பூனை திறக்காது. அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் கொடுத்துவிட்டாள். அக்கா அடித் தகரத்தை உளியால் முழுக்க வெட்டி எடுத்தாள். பஞ்சர் கடையில் கிடந்த லாரி டியூபை அறுத்து அந்தப் பக்கம் இழுத்துக் கம்பியால் கட்டினாள். மூடியின் நடுவில் டம்ளர் வாய் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. ரப்பரைத் தட்டினால் "தொப்" என்று ஒரு சத்தம். பன்னிரண்டு அடிக்கு அப்பால் மெழுகுவர்த்தி அணையும். நடுவில் நிற்கிறவனுக்குக் காற்று தெரியாது. ஒருமுறை என் காதுப் பக்கமாகப் போனபோது, யாரோ தலைமயிரைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

எப்படி என்று அக்கா எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். துளை வழியாகக் காற்று வெளியே பாய்கிறது. நடுக்காற்று வேகமாகப் போகிறது, ஓரக்காற்று விளிம்பில் உரசித் தங்குகிறது. அதனால் ஓரம் வெளிப்பக்கமாகச் சுருண்டு ஒரு வடை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வடை தன்னைத்தானே உள்ளிருந்து வெளியே சுருட்டிக்கொண்டு, சும்மா நிற்கிற காற்றின் மேல் உருண்டு போகிறது. வாயால் ஊதினால் காற்று சிதறிவிடும். இது சிதறாது. போகிற வழியில் பக்கத்துக் காற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு பெருத்துக்கொண்டே போகும். பெருக்கப் பெருக்க வேகம் கம்மியாகும். ஆனால் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருகிறதே, உங்கள் புத்தகத்தில் உந்தம் என்று போட்டிருக்கிறதே, அது அவ்வளவாகக் குறையாது. இங்கே கொடுத்த தள்ளு அங்கே போய்த்தான் இறங்கும். ஆனால் காற்று அசையாமல் இருக்க வேண்டும். குறுக்கே காற்றடித்தால் வளையம் பிய்ந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னாள். குளத்தில் கல் போட்டால் அலை கரைக்கு வரும், தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். இதில் அப்படி இல்லை. டப்பாவுக்குள் இருந்த காற்றேதான் வளையத்தில் ஏறிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் போகிறது. அதை நிரூபிக்க அவளுக்குப் புகைகூட வேண்டியிருக்கவில்லை. என்னைக் கண்ணை மூடி மாட்டுக் கொட்டகையின் அந்தப் பக்கம் நிற்க வைத்துத் தட்டினாள். மூக்கில் "பொத்" என்று நெத்திலிக் கருவாடு வந்து விழுந்தது.

கண்காட்சியில் அறிவியல் வாத்தியார் வந்தார். அக்கா தட்டிக் காட்டுவதற்கு முன்னாலேயே, காற்றாவது பன்னிரண்டடி போவதாவது, பரவிவிடும் என்றார். நிரூபிக்கத் தானே குனிந்து மெழுகுவர்த்தியைப் பார்த்து ஆறடி தள்ளி நின்று ஊதினார். அணையவில்லை. பார்த்தாயா என்றார். அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய், தெர்மாகோலில் கோமுகி அணை செய்திருந்த பையனுக்கு முதல் பரிசு கொடுத்தார். அந்த அணையில் தண்ணீரும் இல்லை, அறிவியலும் இல்லை. வாத்தியாருக்கு நீல பெயின்ட் போதுமாக இருந்தது.

மெழுகுவர்த்திப் பேச்சு வீட்டில் முடிவான அன்றைக்குச் சாயங்காலம், அக்கா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள்.

"எங்கப்பா மெழுகுவர்த்திய அணைக்கணும். பண்றியா?"

"உங்கப்பாதானே?"

"அதான் எனக்குத் தெரியுது, அவரு பொய் சொல்றாருன்னு. தூக்கத்துல அவரே சொல்லிக்கினு இருக்காரு, 'கேட்டுச்சுப்பா, கேட்டுச்சு'ன்னு."

மூன்று நாள் பழகினோம். கொட்டகைத் தூணின் மேல் மெழுகுவர்த்தியை வைத்து, பன்னிரண்டடி அளந்து, அவள் டப்பாவைக் குறி பார்த்துப் பிடிப்பாள், நான் தட்டுவேன். "தட்டு, குத்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பத்துக்கு ஒன்பது அணைந்தது. நாங்கள் இரண்டு பேரும் பெரிய புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டோம். தூணுக்குப் பின்னால் வெறும் வெளி. கல்லறையில் மெழுகுவர்த்திக்குப் பின்னால் சிலுவைக் கல் நிற்கும். பின்னால் சுவர் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பெரியவர்களை இவ்வளவு திட்டுகிறேனே, இது எங்கள் பங்கு.

கல்லறைத் திருநாள் வந்தது. மதியம் தூறிவிட்டு விட்டிருந்தது. செம்மண்ணும், புதுச் சுண்ணாம்பும், சாமந்தியும், உருகின மெழுகும் சேர்ந்து அடிக்கிற வாசனை உங்களுக்கும் தெரியும். ஃபாதர் எல்லாக் கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனார். அவர் போகட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். செய்வது முட்டாள்தனம் என்று தெரியாதவன் அப்படிக் காத்திருக்க மாட்டான்.

மலையிலிருந்து சாயங்காலம் காற்று இறங்கும். அது அணைத்துவிட்டால் தீர்ப்பு செல்லாது என்று பெரியப்பா கல்லறையின் மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குக் கீற்றுப் படல் கட்டியிருந்தார். நான்காவது பக்கம், கால்மாட்டில், எல்லோரும் பார்ப்பதற்காகத் திறந்திருந்தது. யார் மூச்சும் பட்டுவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் யாரையும் நேராக நிற்க விடவில்லை. இரண்டு ஓரமாகப் பிரித்து, வாயில் துண்டையும் முந்தானையையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். முப்பது பேர் வாயில் துணியோடு நின்றதை நினைத்துப் பாருங்கள். காற்றே அசையாத ஓர் அறை, நடுவில் யாரும் நிற்காத ஒரு பாதை. எங்கள் வளையத்துக்கு என்ன வேண்டுமோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார்.

பாதைக்கு நேர் எதிரே வேறொரு குடும்பத்தின் உயரமான சமாதி. அதன் பின்னால் டப்பாவைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஜெபப் புத்தகத்தை அவள் பிடிக்க வேண்டுமாம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தனியாகச் சமாதிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஃபாதர் இல்லாதபோது ஜெபம் நடத்துகிற உபதேசியார் மன்றாட்டுமாலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் முப்பது பேர் துணிக்குள்ளிருந்து முனகினார்கள். வலது பக்கம் பெரியப்பா மெழுகுவர்த்தி, இடது பக்கம் அத்தையுது, நடுவில் ஒன்றரை சாண். இரண்டும் ஆடாமல் எரிந்தன. அத்தை கல்லறைக்குப் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தாள். அவள் மூச்சு அவள் மெழுகுவர்த்தியைத்தான் கெடுக்கும் என்று அவளை மட்டும் விட்டிருந்தார்கள். நான் வலது மெழுகுவர்த்தியைக் குறி பார்த்தேன். மாலை முடியப் போகிறதே என்ற பயத்தில் தட்டவில்லை, குத்திவிட்டேன்; சத்தம் அந்த முனகலில் மறைந்துவிட்டது.

பெரியப்பா மெழுகுவர்த்தி படக்கென்று அணைந்தது. வளையம் அதோடு நிற்கவில்லை. பின்னால் சிலுவைக் கல்லில் மோதியது. மோதின வளையம் திரும்பி வராது, சாகவும் சாகாது. சுவரோடு ஒட்டி அகலமாக விரியும். விரிந்து போய் அத்தை மெழுகுவர்த்தியையும் அணைத்தது. ஒரு கண் சிமிட்டல்தான் வித்தியாசம்.

அதற்கப்புறம்தான் வாசனை வந்தது. படலுக்குள் கருவாடு மணத்தது.

பெரியப்பா வாயிலிருந்த துண்டை எடுத்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்பா," என்றார். "அப்பாதான். அவருக்கு நெத்திலின்னா உசுரு."

என் அப்பா தரையில் விழுந்து அழுதார். பெண்கள் அழுதார்கள். அரை நிமிஷம் முன்னால் வரைக்கும் ஒருவனை ஒருவன் பொய்யன் என்று நிரூபிக்க நின்ற அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் சமாதிக்குப் பின்னால் டப்பாவைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தேன்.

உபதேசியார் தீர்ப்புச் சொன்னார். இரண்டும் அணைந்ததால் செத்தவர் இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த கல்லறைத் திருநாள் வரைக்கும் அந்த நிலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது.

"அதுல கெழங்கு நிக்குதுங்க," என்றாள் அத்தை. அன்றைக்கு அவள் பேசினது அவ்வளவுதான்.

செத்தவர் வார்த்தைக்கு மேல் கிழங்கு பெரிதா என்று கேட்டது என் அப்பா.

காட்டுப்பன்றிகள் மன்றாட்டுமாலைக்கு வரவில்லை, அதனால் தீர்ப்பு அவற்றுக்குத் தெரியாது. பத்து நாளில் அரை ஏக்கரையும் கிண்டித் தின்றுவிட்டு மலைக்குப் போய்விட்டன.

ஒருநாள் அப்பாவைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். துணி துவைக்கிற கல்லில் மெழுகுவர்த்தி வைத்து, பன்னிரண்டடி தள்ளி நின்று, தட்டினேன். அணைந்தது. மறுபடி ஏற்றச் சொன்னார். அணைத்தேன். மூன்றாவது முறை அவரே தட்டினார். அணைந்தது. டப்பாவை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் அப்பா முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்துவிட்டிருப்பேன்.

"யாராண்டயும் சொல்லிடாதே."

"அத்தைக்கு நெலம்ப்பா."

"எங்கப்பா வந்தாருன்னு நாலு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுடா. டீக்கடையில எனக்கு எழுந்து எடம் குடுக்குறான். இப்பப் போயி கருவாட்டு டப்பான்னு சொன்னா நான் மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

சொல்லிவிட்டு டப்பாவைத் துவைக்கிற கல்லில் வைத்து, அம்மிக் குழவியால் அடித்துத் தட்டையாக்கினார். லாரி டியூபை வெட்டி வாளிக்குக் கைப்பிடி சுற்றிக்கொண்டார். அந்த வாளி ரொம்ப வருஷம் வீட்டில் இருந்தது.

தை மாதம் அத்தை கரியாலூரில் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்ததும், என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"டப்பாவ நல்லாக் கழுவியிருக்கக் கூடாதாடா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பதினஞ்சு வருஷம் என் கையால மூடித் தொறந்த டப்பா. அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா எங்கண்ணன் உங்கக்காவப் பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திடுவாரு. பொட்டப் புள்ளைக்கு அறிவு ஜாஸ்தியாப் போச்சுன்னுவாரு. நெலம் எங்க போவப் போவுது, அங்கதானே கெடக்கும்." பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நிலம் அங்கேயேதான் கிடந்தது. ஆடி மாதம் பெரியப்பா அதை உழுதார். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, படல் கட்டவில்லை, செத்தவரைக் கூப்பிடவும் இல்லை. சும்மா போய் உழுதார். உபதேசியார் பார்த்தார். என் அப்பா பார்த்தார். முப்பது பேர் பார்த்தார்கள். இந்த முறை யாரும் வாயில் துணி கட்டச் சொல்லவில்லை, அவர்களே கட்டிக்கொண்டார்கள். நானும்தான்.

அக்கா படித்தாள். இன்றைக்கு உளுந்தூர்பேட்டையில் அரசாங்க வேலையில் இருக்கிறாள். அவள் படிப்புக்கு விலை கொடுத்தது யார் என்று அவளுக்கு நான் சொன்னது போன வருஷம்தான். அதுவரை அத்தைக்கு மலைக் குளிர் பிடித்துப்போனது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா இருக்கும்வரை நான் பேசவில்லை. அதை மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன நவம்பரில்கூட, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா உங்களிடம் அந்தக் கதையைச் சொன்னார், தாத்தா வந்த கதையை. நீங்கள் வாயைப் பிளந்து கேட்டீர்கள். பக்கத்தில் தட்டில் கருவாடு இருந்தது. நான் அதில் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போனேனே, அப்போது அத்தைக்குப் போன் செய்தேன். எழுபது தாண்டிவிட்டது, இன்னும் அந்த விடுதிக்குப் பின்னால் ஒற்றை அறையில்தான் இருக்கிறாள். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அவள் வர வேண்டும் என்றேன். உங்கள் பக்கெட்டை எடுத்துவரப் போகிறோம் என்றேன். தாத்தா தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்து, எல்லோரையும் நிற்க வைத்து, பன்னிரண்டடி தள்ளி நீங்கள் தட்ட வேண்டும். நான் வாயில் துணி இல்லாமல் நின்று, அன்றைக்கு அடித்தது யார், ஏன் என்று சொல்லப் போகிறேன். நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி பெரியப்பாவை எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறேன் என்றேன். கொடுப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்கப் போகிறேன்.

"ஊதுவத்திப் புகையெல்லாம் வேணாம்டா," என்றாள் அத்தை. "நெத்திலியே போடு. அப்பத்தான் எங்கண்ணனுக்குப் புரியும்."